தர்ம அரிசி

தர்மம் என்ற சொல்லை யாராவது மேடையேறிச் சொன்னால் எனக்கு இன்றும் வயிறு எரியும். கோயில் திருவிழாவில் அன்னதானம் கொடுத்தவர்களுக்கு மாலை போடுவார்கள், கூட்டத்தைக் கை தட்டச் சொல்வார்கள். நான் தட்டமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கிழவிக்குக் கை வலி என்று நினைத்துக்கொள்வார்கள். என் கையில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கையால் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், கீறிப் பால் வெட்டியிருக்கிறேன், கோணி தைத்திருக்கிறேன், உலு திராமில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்திருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான், பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிப்பதை அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு நானும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது. வேறு யாரும் எழுதமாட்டார்கள். எழுதத் தெரிந்தவர்களெல்லாம் அந்தச் சாக்குகளைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள்.

ஜப்பானில் பூமி அதிர்ந்து, தீப்பிடித்து, ஊர் ஊராக அழிந்துபோன வருஷம் அது. நாங்கள் மலாய் நாட்டில், கூலாய்க்கு உள்ளே தள்ளி ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தின் பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் அந்தத் துரையின் பேரப்பிள்ளைகள் எங்கேயாவது இருந்துகொண்டு பெருமைப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் கொடுக்க மாட்டேன்.

என் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபிறகு நான் தங்கச்சி வீட்டோடு இருந்தேன். வீடு என்றால் லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், ஓர் அறை, முன்னால் ஓர் அடுப்பு. அவள் புருஷன் நல்லவன்தான், ஆனால் அந்தச் சமயம் ஆற்றுக்கு அந்தப்புறம் மரம் வெட்டப் போனவன் வெள்ளத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டான். மழை அப்படிப் பெய்தது. பாலத்தின் நடுவில் இரண்டு கட்டைகளை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மர வெட்டும் இல்லை, பாலும் இல்லை, வாளிகளெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. அந்த மழையில்தான் தங்கச்சிக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. பக்கத்து வீட்டு அக்காதான் பிரசவம் பார்த்தாள். நல்ல வாய்க்காரி, நல்ல கைக்காரி.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரைக்கு எங்கள் பேச்சு தெரியாது, எங்களுக்குத் துரையின் பேச்சு தெரியாது. நடுவில் நின்றவர் அவர். நம்மவர்தான், அதுதான் எரிச்சல். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் குடை. துரையிடம் பேசும்போது இடுப்பு வளையும், எங்களிடம் பேசும்போது கழுத்து நீளும். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், மலாய் தெரியும், தமிழ் தெரியும். மூன்றிலும் அவர் உண்மை பேசி நான் கேட்டதில்லை. பின்னாளில் அவர் கோயில் கமிட்டித் தலைவராகி நெற்றி நிறைய விபூதியோடு திரிந்தார் என்று கேள்விப்பட்டேன். சாமிக்கும் அவர்தான் மொழிபெயர்த்திருப்பார்.

மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்களில் எங்களைச் சும்மா விடமாட்டார்கள். பெண்களை ஸ்டோருக்குக் கூப்பிட்டு, எலி கடித்த அரிசிச் சாக்குகளுக்கு ஒட்டுப் போடச் சொல்வார்கள். கோணி ஊசியும் சணலும் தருவார்கள். ஒட்டுக்குத் துணி தரமாட்டார்கள். துணி உன்னுடையது, உழைப்பும் உன்னுடையது, அரிசி அவர்களுடையது. எனக்கு ஆத்திரமாக இருக்கும். அதனால் நான் ஒரு வேலை செய்வேன். என் பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்து ஒட்டுப் போடுவேன். ஆனால் சங்கிலித் தையலாகத் தைப்பேன். முடிச்சுப் போடாமல் ஒரு நுனியை மடித்து உள்ளே சொருகிவிடுவேன். சாக்கு காலியானதும் அந்த நுனியைத் தேடிப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் தையல் முழுதும் பொலபொலவென்று அவிழ்ந்துவிடும். என் துணி என் கைக்குத் திரும்பிவிடும். மற்றப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

"ஒரு முழத் துணிக்கு இவ்வளவு அழும்பா?" என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

"என் துணி. நான் ஏன் துரைக்குத் தர்மம் பண்ணணும்?" என்பேன். அப்படித்தான் அந்தச் சொல் எங்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கியது.

பிள்ளை பிறந்த மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லாரையும் நிற்கவைத்துக் கிராணி சொன்னார். ஸ்டோருக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, அரிசி மொத்தமும் நாசம், பாலம் கட்டும்வரை அரிசி கிடையாது என்றார். ஸ்டோர் மேட்டில் இருந்தது. லயம் பள்ளத்தில் இருந்தது. எங்கள் அடுப்பில் ஏறாத தண்ணீர் மேட்டில் எப்படி ஏறியது என்று எனக்கு அப்போதே உறுத்தியது. கேட்கவில்லை. கிராணியிடம் கேள்வி கேட்டவர்களுக்கு அடுத்த நாள் எந்தக் காட்டில் வேலை விழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அரிசி இல்லாமல் ஆண்கள் இருந்துகொள்வார்கள். மரவள்ளியைப் பிடுங்கி அவித்துத் தின்றோம், கீரை பறித்தோம். ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு மரவள்ளியைக் கொடுத்துப் பாலூட்டச் சொன்னால் எப்படி? பூண்டு தட்டிப் போட்ட கஞ்சி வேண்டும். பூண்டு வைத்திருந்தேன். அரிசி இல்லை. தங்கச்சிக்குப் பால் இறங்கவில்லை. பிள்ளை முதலில் வீடே அதிர அழுதது. பிறகு குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. அந்தச் சின்னக் குரல்தான் என்னை அறுத்தது. அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கலாம், அழ முடியாமல் வாயைத் திறந்து மூடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கவே முடியாது. சீனித் தண்ணீரில் துணியை நனைத்து வாயில் வைத்தோம். தங்கச்சி என்னைப் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் மலாய்க்காரச் சேவகன் ஒருவன் சர்க்காரிடமிருந்து தோட்டத்துக்கு வந்தான். பாலத்தண்டை லோரி நிற்கிறது என்று ஆபீஸ் வாசலில் கிராணியிடம் அவன் மலாயில் சொன்னது பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் காதில் விழுந்தது. அவர்களுக்குப் புரிந்தது இரண்டே சொல். பெராஸ். டெர்மா. பெராஸ் என்றால் அரிசி, அது கடைத்தெருவுக்குப் போகிற யாருக்கும் தெரியும். டெர்மா என்றால் என்ன என்று கேட்கவே வேண்டாம். நம் தர்மம்தான். எப்போதோ கப்பலேறி வந்து இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழைந்து டெர்மா ஆகியிருக்கிறது. அவர்களுக்கு அது நன்கொடை. நமக்கு அது இல்லாதவனுக்குப் போடுவது. அந்தப் பக்கத்தில் இல்லாதவர்கள் என்று எங்களைவிட்டால் யார் இருந்தார்கள்?

பேச்சு லயம் முழுக்க ஓடிவிட்டது. சாயந்தரம் கிராணியே லயத்துக்கு வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"சர்க்காரு தர்ம அரிசி பாலத்துக்கிட்ட வந்து நிக்குது. நாளைக்கு வேற வேலை இல்ல. ஆம்பள பொம்பள எல்லாரும் காலையில வந்து எடுத்துக்கிட்டுப் போகணும். யாரும் நிக்கக் கூடாது."

எடுத்துக்கொண்டு போகணும். இந்த வார்த்தையை நான் ஆயிரம் தடவை வாய்க்குள் போட்டு மென்றிருக்கிறேன். எங்கே போகணும், யாருக்காகப் போகணும் என்று சொல்லவில்லை. வாய் தவறியிருக்கலாம் என்று ஒருவர் என்னிடம் சமாதானம் சொன்னார். அந்த வாய் ஒருநாளும் தவறாது. யாருக்கோ சுமக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் வெறும் வயிற்றோடு பாதிப்பேர் வந்திருக்கமாட்டார்கள். அவருக்கு அது தெரியும்.

நாங்கள் கும்பிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கிராணியைப் பார்த்துக் கும்பிட்டோம்.

நான் உள்ளே ஓடிப்போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். "சர்க்கார் தர்மம் போடுதாம்டி. நாளைக்கு அரிசி வந்துடும்."

"நிஜமாவாக்கா?"

"கிராணியே வந்து சொல்லிட்டுப் போறாரு."

"நொய்யா இருந்தாலும் பரவாயில்லக்கா. வாங்கிட்டு வந்துரு." பிள்ளையின் முகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அதனிடமும் சொன்னாள். நாளைக்குப் பால் வந்துவிடும் என்று அதற்கு வாக்குக் கொடுத்தாள்.

காலையில் நாங்கள் போன கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய்த் தகரம், பால் வாளி, தூக்குச் சட்டி, தலையணை உறை, ஆளுக்கு ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தகரம் கொண்டுவந்தாள், ஒன்று தங்கச்சிக்காக. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பேசிச் சிரித்துக்கொண்டு போனோம். பாலத்தண்டை வந்து பார்த்தால் சாக்குகள் அடுக்கடுக்காக நின்றன. லோரியில் வந்தவை ஒரு பக்கம். மாட்டுவண்டியில் வந்தவை ஒரு பக்கம். வண்டி எங்கள் தோட்டத்து வண்டி. அதை நான் பார்த்தேன், பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. பசி கண்ணை மட்டும் திறந்து வைக்கும், மண்டையை மூடிவிடும்.

கிராணி எங்கள் தகரங்களைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரித்தார் பாருங்கள், குடை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"என்னடி இது, பிச்சையெடுக்கவா வந்தீங்க? இது உங்களுக்கா? ஜப்பான்ல பூமி பொளந்து ஜனமெல்லாம் சாவுது. உள்ள இருக்கிற தோட்டங்கள்ல சேத்து சர்க்காரு அவங்களுக்கு அனுப்புற அரிசி. லோரி ஆத்தத் தாண்டாது. நீங்க தூக்கிட்டுப் போயி கூலாய் ஸ்டேசன்ல ரயில்ல ஏத்தணும். தகரத்த அங்கிட்டு வீசுங்க."

யாரும் வீசவில்லை. கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். ஏனென்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. தகரத்தை வீசிவிட்டால் எதிர்பார்ப்பையும் வீசியது மாதிரி ஆகிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? ஒன்றும் இல்லை. வீடு எரிந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்து நடுத்தெருவில் நிற்கிறார்கள் என்று எங்கள் லயத்தில் வந்து சொல்லி, ஆளுக்கு ஒரு பிடி கொடுங்கள் என்று கேட்டிருந்தால், கொடுத்திருப்போம். எங்கள் பெண்களை எனக்குத் தெரியும். திட்டிக்கொண்டே கொடுத்திருப்பார்கள். கேட்டால் கொடுப்பதுதான் தர்மம். கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதற்கு வேறு பேர் இருக்கிறது.

சாக்கைக் கம்பில் கட்டி இரண்டு இரண்டு பேராகத் தோளில் தூக்கினோம். பக்கத்து வீட்டு அக்கா முன்னால், நான் பின்னால். ஆற்றில் கட்டைகளைப் போட்டு வழி செய்திருந்தார்கள். கட்டை வழுக்கியது. அக்கா முனகிக்கொண்டே நடந்தாள். ஆற்றைத் தாண்டி ஒரு மரத்தடியில் இறக்கித் தோள் மாற்றினோம். மறுபடி தூக்கும்போது சாக்கு புரண்டு மறுபக்கம் என் முகத்துக்கு நேராக வந்தது.

சிவப்புக் கரை. நடுவில் ஒரு கறுப்புக் கோடு.

முதலில், இதே மாதிரிச் சேலை வேறு யாரிடமோ இருக்கிறது என்றுதான் தோன்றியது. அப்படியே நடந்தேன். அது என் மூக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தது. சங்கிலித் தையல். மேல் மூலையில் நுனியை மடித்துச் சொருகிய இடம் லேசாகப் புடைத்துக்கொண்டு இருந்தது. என் தையலை எனக்குத் தெரியாதா? ஊரில் வாங்கி, கப்பலில் உடுத்தி வந்த சேலை அது. நானும் தங்கச்சியும் மாற்றி மாற்றிக் கட்டிக் கிழித்த சேலை.

"அக்கா, இது நம்ம ஸ்டோரு சாக்கு" என்றேன்.

"நட."

"என் ஒட்டு இருக்குக்கா. இது தண்ணியில நனையவே இல்ல. அரிசி நல்லாத்தான் இருக்கு."

அவள் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. "எனக்கு வண்டியப் பாத்தப்பவே தெரியும். பேசாம நடடி. எனக்கு நாலு புள்ள இருக்கு" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. நாலு பிள்ளை இருந்தால் வாய் இருக்கக்கூடாதா? அந்தக் கோபத்தில்தான் மீதித் தூரம் நடந்தேன். இல்லையென்றால் விழுந்திருப்பேன். ஒவ்வோர் அடிக்கும் அந்தச் சாக்கு என் நெற்றியில் இடித்தது. உள்ளே என் தங்கச்சியின் கஞ்சி இருந்தது. அதை நானே சுமந்து வேறு யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

ஸ்டேசனில் துரை நின்றார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் சர்க்கார் அதிகாரி, மலாய்க்காரர், வயதானவர், வெள்ளைக் கோட்டும் சொங்கோக் தொப்பியும். கூலாய்க் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஜப்பான்காரரும் வந்திருந்தார். ஒல்லியான மனுஷர். அவர் குடும்பம் அங்கே என்ன ஆனதென்று தெரியாமல் கடையைச் சாத்திவிட்டு ஸ்டேசனிலேயே கிடக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் சாக்கை இறக்கிவைத்துவிட்டு நேரே கிராணியிடம் போனேன். "இது நம்ம ஸ்டோரு அரிசி. நனைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே" என்றேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் மெதுவாகச் சொன்னார். "வாய மூடு. கூலி ஜனங்க மனசார அவங்க பங்கு அரிசியக் கொடுத்திருக்காங்கன்னு துரை சர்க்காருக்குச் சொல்லிட்டாரு. தோட்டத்துக்கே பேரு. உனக்கும்தான். போயி வரிசையில நில்லு. சிரிச்ச முகமா நில்லு."

பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி எங்களைக் காட்டி மலாயில் நீளமாக ஏதோ சொன்னார். கூலி, டெர்மா, கூலி, டெர்மா என்று அந்த இரண்டு சொல்தான் என் காதில் விழுந்தது. அதிகாரி தலையை ஆட்டினார். ஜப்பான்காரர் எங்கள் முன்னால் வந்து நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். ஆளுக்காளாக. தகரம் கட்டிய பெண்கள் ஒவ்வொருவருக்கும்.

எனக்கு முன்னால் அவர் குனிந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அதிகாரியிடம் ஓடினேன். எனக்கு மலாய் வராது. ஐயா என்பதற்குத் துவான் என்று மட்டும் தெரியும், மற்றதைத் தமிழில்தான் கத்தினேன்.

"துவான், இது தர்மம் இல்ல! தர்மம் இல்ல துவான்! எங்க அரிசி!"

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "யா, யா," என்றார், "டெர்மா. டெர்மா." நெஞ்சில் கையை வைத்து எனக்கு மரியாதை செய்தார்.

நான் இன்னும் உரக்கக் கத்தினேன். தர்மம் இல்லை, தர்மம் இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் காதில் தர்மம் மட்டும் விழுந்தது. இல்லை விழவில்லை. நான் கத்தக் கத்த அவர் கண்ணில் என் பக்தி கூடிக்கொண்டே போயிற்று. துரைகூடப் புன்னகை செய்தார். கிராணி சிரிப்பை அடக்கக் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அந்தச் சொல்லை வெறுத்தேன். எந்த வாயில் முதலில் பிறந்ததோ அந்த வாயையும் வெறுத்தேன்.

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி நடந்தேன். சாக்குகளை ரயில் பெட்டிக்குள் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். என் சாக்கு இன்னும் கீழே நின்றது. அதன் முன்னால் உட்கார்ந்தேன், மேல் மூலையில் விரலை விட்டு நுனியைத் தேடினேன், பிடித்தேன், இழுத்தேன்.

ஒரே இழுப்பு. சணல் பொலபொலவென்று அவிழ்ந்தது. சிவப்புக் கரை என் கையோடு வந்தது. அரிசி கொட்டியது. வெள்ளையாக, உலர்ந்து, கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு கொட்டியது.

பிறகு ஒரு தகரம் வந்து அந்த வாய்க்குக் கீழே நின்றது. யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா. நாலு பிள்ளைக்காரி. அது நிறைந்ததும் இரண்டாவது தகரத்தை வைத்தாள். அவளுக்குப் பின்னால் வாளி வந்தது, சட்டி வந்தது, தலையணை உறை வந்தது. காலையில் எதைப் பார்த்துக் கிராணி குடை விழச் சிரித்தாரோ அதெல்லாம் வந்தது.

கிராணி பாய்ந்து வந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தார். "கிலா! பைத்தியம், துவான், பைத்தியம்!" என்று கத்தினார். துரை இங்கிலீஷில் கத்தினார். ஜப்பான்காரர் தரையில் மண்டியிட்டு, சிதறிய அரிசியை இரண்டு கையாலும் கூட்டி அள்ளினார். எனக்கு எதிரே, என்னைப் பார்க்காமல் அள்ளினார். அது அவர் ஊருக்குப் போகிற அரிசி என்றுதான் அள்ளியிருப்பார். பிறகு தலையைத் தூக்கி, அந்தப் பெண்கள் அள்ளுகிற வேகத்தைப் பார்த்தார். வீட்டில் சோறு இருக்கிறவள் அப்படி அள்ளமாட்டாள். கையில் இருந்ததை அக்காவின் தகரத்தில் போட்டுவிட்டு எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் எனக்கு அப்போது இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். அவர் வீட்டு நெருப்பை அணைக்க எங்கள் அடுப்பை அணைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் அதைச் செய்யச் சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்துகொள்ள எனக்கு மனசு இல்லை.

மலாய் அதிகாரிக்கும் ஏதோ புரிந்தது. அரிசியைப் பார்த்தார், தகரங்களைப் பார்த்தார், கிராணியைப் பார்த்து ஏதோ கேட்டார். பிறகு அதிகாரி வேறு பக்கம் திரும்பி, பெண்கள் அள்ளி முடிக்கும்வரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நல்ல மனசு என்று பிறகு சிலர் சொன்னார்கள். தண்டவாளத்தைப் பார்த்தது நல்ல மனசா? மற்ற சாக்குகளெல்லாம் ரயிலேறிப் போயின. எங்கள் ஸ்டோர் சாக்குகளும் போயின. கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

மாத்தா, அதாவது போலீஸ்காரன், என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேசனுக்குப் பக்கத்துக் கொட்டடியில் உட்காரவைத்தான். பெண்கள் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அக்கா என்னைத் தாண்டும்போது நிற்கவில்லை. "மொத உலை அவளுக்குத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள். அந்தக் கஞ்சியை நான் வைக்கவில்லை. தங்கச்சி குடிப்பதை நான் பார்க்கவில்லை. பால் இறங்கியதா, பிள்ளை மறுபடி சத்தமாக அழுததா, எதுவும் எனக்குத் தெரியாது. சிவப்புத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

சாயந்தரமே விட்டுவிட்டார்கள். துரை புகார் கொடுக்கவில்லையாம். பெருந்தன்மை என்று கிராணி லயத்தில் சொல்லியிருக்கிறார். புகார் கொடுத்தால் சாக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே, அந்தப் பெருந்தன்மை. ஆனால் தோட்டத்தில் என் பேரை வெட்டிவிட்டார்கள். நான் வந்தபோது என் தகரப் பெட்டி தோட்டத்து வாசலுக்கு வெளியே ரோட்டில் கிடந்தது. உள்ளே கால் வைத்தால் தங்கச்சி குடும்பத்தையும் வெளியே தள்ளுவதாகச் சொன்னார்கள். வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். லயம் தூரத்தில் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

எங்கெங்கோ சுற்றி உலு திராம் பக்கம் ஒரு சீனன் அன்னாசித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது என்ற சேதி வழியில் வந்தவர்கள் மூலம் வந்தது. அன்றைக்கு நான் அழுதேன். அதற்குப் பிறகு நெடுநாள் கழித்துத்தான் தங்கச்சி, புருஷனோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். பிள்ளை உட்காரப் பழகியிருந்தது. நல்ல கன்னம். என்னைப் பார்த்து மிரளவில்லை. மடியில் வாங்கிக்கொண்டேன்.

தங்கச்சி எல்லாக் கதையும் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று அவள் முகமே காட்டிக்கொடுத்தது. கிளம்புகிற நேரத்தில்தான் வாய் திறந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. போன மாசம் பெரட்டுக்குச் சர்க்காருலேருந்து வந்தாங்க. ஜப்பான் தேசத்துலேருந்து நம்ம தோட்டத்துக்கு நன்றி சொல்லிவிட்டிருக்காங்களாம். கூலி ஜனங்க தர்மம் பண்ணுனதுக்கு. துரைக்கு மாலை போட்டாங்க. கிராணிக்கும் போட்டாங்க."

"உங்களுக்கு?"

"எங்கள கை தட்டச் சொன்னாங்க."

"தட்டுனீங்களா?"

"எல்லாரும் தட்டுனாங்கக்கா."

"நீ தட்டுனியான்னு கேட்டேன்."

அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "கிராணி என் முன்னாலயே வந்து நின்னுட்டாருக்கா. உன் தங்கச்சின்னு தெரியும்ல. எங்கையில புள்ள இருந்துச்சு. நான் எப்படித் தட்டுறது? அதனால..." என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "புள்ள கையப் புடிச்சுத் தட்டவச்சேன்."

பேச்சுச் சத்தம் நின்றதும் பிள்ளை என் மடியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தது. எங்களைச் சிரிக்கவைக்க நினைத்ததோ என்னவோ, தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டியது. இரண்டு கையையும் சேர்த்துத் தட்டியது. தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி தட்டியது.

அந்த இரண்டு கையையும் நான் பிடித்துக்கொண்டேன். பிள்ளை உருவிப் பார்த்தது, முடியவில்லை. உதடு பிதுங்கியது, பிறகு வீடே அதிர அழ ஆரம்பித்தது. தங்கச்சி "அக்கா, விடுக்கா" என்றாள். நான் விடவில்லை.